தாமரை அண்ணி வீட்டுக் கோழி வறுவல்

என் அண்ணன் கன்னையாவுக்கு வாழ்க்கையில் உருப்படியாக அமைந்தது ஒன்றே ஒன்றுதான், தாமரை அண்ணி. இதை அவன் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். சிரிப்புக்கு மட்டும் அவனிடம் குறைச்சல் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளிக்கு அவன் செய்து வைத்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அண்ணி பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து முதலாளிகள் அதை விற்று, அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் குடும்பத்தோடு கம்போங் மேடானுக்கு வந்தாள். முதலில் பலகை வீடு, பிறகு மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இருபத்தெட்டு வருஷமாகச் சமையல் வேலை. தினமும் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு அடுப்பைப் பார்த்தாலே அலுத்துப்போக வேண்டும். இவளுக்கு அலுக்கவில்லை. தீபாவளி என்றால் காலையிலேயே வாசல் கதவைத் திறந்து, கம்பிக் கதவையும் கொக்கி போட்டு நிறுத்திவிடுவாள். யார் வந்தாலும் சாப்பாடு. பத்திரிகையில் இதைத் திறந்த இல்ல உபசரிப்பு என்பார்கள். அண்ணியைக் கேட்டால், "ஆளுங்க வருவாங்க" என்பாள். அவ்வளவுதான்.

அந்தச் சமையலில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கோழியும் ஆடும் முஸ்லிம் முறைப்படி அறுத்த ஹலால் இறைச்சியாக இருக்க வேண்டும். காலையில் கூடும் பாசார் சந்தையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் கோழி விற்கிறார். அவர் கடையைத் தவிர வேறு எங்கும் தீபாவளிக் கோழி வாங்கக் கூடாது. சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அண்ணி யாருக்காக இதைத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியும். முதல் மாடியில் இருக்கும் மும்தாஜ் அக்காவுக்காகத்தான்.

2001இல் இங்கே மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம் நடந்தபோது இந்த அடுக்குமாடியில் தமிழர்கள் கீழே இறங்கவே பயந்து கிடந்தார்கள். அண்ணன் லோரியோடு ஈப்போவில் மாட்டிக்கொண்டான். அண்ணியிடம் கைக்குழந்தை. பால்மாவு தீர்ந்துவிட்டது. அப்போது அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லாத மும்தாஜ் அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்து, மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டி, பால்மாவு டின்னை உள்ளே நீட்டினார். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். அந்த வருஷத் தீபாவளிக்குத்தான் அண்ணி முதன்முதலாக அந்தப் பெரியவரிடம் கோழி வாங்கினாள். அன்றிலிருந்து மும்தாஜ் அக்கா ஒரு தீபாவளிகூடத் தவறியதில்லை. வேறு எந்த இந்து வீட்டிலும் அவர் தண்ணீரையும் முறுக்கையும் தாண்டி எதையும் தொடமாட்டார். அண்ணி வீட்டில் மட்டும் தட்டை நீட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தீபாவளிக் காலையில் கோயிலுக்குப் போய்வரும்வரை அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். உப்பு உறைப்புப் பார்க்க முடியாது. அதனால் வறுவல் இறங்கியதும் ஒரு கிண்ணத்தில் நாலு துண்டு போட்டு முதல் மாடிக்கு அனுப்புவாள். மும்தாஜ் அக்கா சாப்பிட்டுப் பார்த்து, "உப்பு போதும்" என்றோ "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்றோ சொல்லி அனுப்புவார். கிண்ணத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் நான்தான். என் வீடு இருக்கும் செராஸில் இருந்து முந்திய நாளே வந்துவிடுவேன்.

நான் முதலில் சொன்ன அந்த வருஷம் நிலைமை கொஞ்சம் வேறாக இருந்தது. தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு முன் மும்தாஜ் அக்காவுக்குப் படியில் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டிருந்தது. கணவர் இறந்து ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி ஷாஹுல் ஹமீது கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கண்டிப்பானவர். "இனிமே தனியா இருக்க வேணாம், எங்க வீட்டுக்கு வந்திருங்க மதினி" என்று விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போக மனமில்லை. "இங்க எனக்கு ஆள் இருக்கு" என்று அவர் சொல்ல, "யாரு, மூணாவது மாடிக்காரங்களா? அவங்க என்ன நம்ம ஆளுங்களா?" என்று இவர் கேட்க, பேச்சு வளர்ந்துவிட்டது. கடைசியில் அக்கா, "தீபாவளிக்கு வாங்க. வந்து அவ வீட்டுல ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்று கூப்பிட்டுவிட்டார். அவரும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

இதை அக்கா வந்து சொன்ன நாளிலிருந்து அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி. "அவரு நல்லா சாப்பிட்டுட்டாருன்னா அக்காவ இங்கயே விட்டுருவாரு லா ரமணி" என்று என்னிடம் ஃபோனில் பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

தீபாவளியன்று பதினொன்றரைக்கெல்லாம் சமையல் முடிந்துவிட்டது. உளுந்து வடை, கோழி கட்லெட், கோழி வறுவல், ஆட்டுப் பிரட்டல், நெய்ச்சோறு, அன்னாசிப் பச்சடி, பாயாசம். அண்ணி இடையில் கோயிலுக்கும் போய் வந்து, புதுச் சேலையின் மேலேயே ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரங்களை மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வறுவலில் சில துண்டுகள் மட்டும் கடினமாக இருந்தன. "கேஸ் சரியா எரியல போல" என்று அடுப்பைத் திட்டினாள்.

அப்போது அண்ணனின் ஃபோன் அடித்தது. அவன் கீழே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். என் இரண்டு கையிலும் பாத்திரம். அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். காஜாங்கில் இருக்கும் ரெங்கசாமி, அண்ணனோடு லோரி ஓட்டிய பழைய கூட்டாளி.

"தீபாவளி வாழ்த்து தங்கச்சி! கோழி எப்படி?"

"எந்தக் கோழிண்ணே?"

"என்னமா இப்படிக் கேக்குற? நம்ம வீட்டுக் கம்பம் கோழி, நாட்டுக்கோழி! நேத்து கன்னையா வந்து ரெண்டு வாங்கிட்டுப் போனான்ல. நானே அறுத்து, சுத்தம் பண்ணிக் குடுத்தேன். கடைக் கோழி மாதிரியா அது, தீபாவளிக்கு அதுதான்மா ருசி!"

அண்ணி வாழ்த்துச் சொன்னாள், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், ஃபோனை வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. வெறும் தீயைத்தான் அணைத்தாள்.

தீபாவளிக்கு முந்திய நாள் நாங்கள் இரண்டு பேரும் முறுக்கு பிழிந்துகொண்டிருக்க, கோழி வாங்குவது, வெட்டுவது, மசாலா போட்டு ஊறவைப்பது எல்லாம் அண்ணனின் பொறுப்பு. ஆறு கோழி வாங்கச் சொல்லியிருந்தாள். பெரியவரிடம் நாலு வாங்கிவிட்டு, ரெங்கசாமியின் இரண்டையும் சேர்த்து வெட்டி ஒரே பேசின் பாத்திரத்தில் போட்டு வைத்துவிட்டான். கணக்கு ஆறு சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹலால் ஆவதற்கு ரெங்கசாமி பிஸ்மி சொல்லியா அறுத்திருக்கப் போகிறார்?

நான் மாடிப்படியில் நின்று கத்தி அவனை மேலே வரவழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகத்தில் அப்போதும் அந்தச் சிரிப்பு.

"கோழிதானே லா. சுத்தமான கோழி. ஊசி போடாத கோழி."

"அண்ணே, வாய மூடு" என்றேன். அண்ணனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்காது.

அண்ணி அவனைத் திட்டவில்லை. மேசையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வறுவல் போனது. கட்லெட்டும் அதே பேசினில் எடுத்த கோழிதான், அதுவும் போனது. ஆடு நல்ல கடையில் வாங்கியது, ஆனால் வறுவலைக் கிண்டிய கரண்டியாலேயே அதையும் கிண்டியிருந்தாள். நெய்ச்சோற்றில் கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றியிருந்தாள். மிஞ்சியது வடை, பச்சடி, பாயாசம். மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, கோழி ஊசிப்போச்சின்னு சொல்லிருவோம். வெக்கையில கெட்டுப்போச்சின்னா யாரு கேக்கப்போறா? எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சிருவோம்."

"காலையில கொண்டுபோய்க் குடுத்தியே, அது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் மறந்தே போயிருந்தேன். பத்து மணிக்கு நாலு துண்டு வறுவலைக் கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடி, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மும்தாஜ் அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு துண்டைச் சாப்பிட்டார். "இந்த வருசம் என்னா ருசி! மத்த ரெண்டும் ராத்திரிக்கு" என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குத் தெரியாதுல்ல அண்ணி. தெரியாம சாப்பிட்டா பாவம் இல்லேன்னு அவங்களே ஒருவாட்டி சொன்னாங்க. நாம சொல்லாம இருந்தா அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு?"

உண்மையைச் சொன்னால் ஷாஹுல் ஹமீது அன்றைக்கே அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விடுவார். "நம்பி வந்தோம், ஹராமானதப் போட்டுட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவால் வாயைத் திறக்க முடியாது. சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் அவசர அவசரமாகப் பாத்திரங்களைச் சமையலறைக்குக் கொண்டுபோய் மூடி வைத்தோம். அண்ணன் எதையோ தூக்க வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான்.

படியில் மும்தாஜ் அக்காவின் குரல் கேட்டது. ஒரு கையில் கைத்தடி, மறு கை கொழுந்தனாரின் தோளில். இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஷாஹுல் ஹமீது வெள்ளைத் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மதினி உங்க சமையலப் பத்திப் பேசாத நாளே இல்லம்மா. சரி, பாத்திருவோம்னு வந்தேன்."

"பாருங்க, நல்லா பாருங்க" என்றார் அக்கா. "இவ வீட்டுல இது என்ன, எங்க வாங்குனதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல ஹமீது. இருவத்திரெண்டு வருசமா கண்ண மூடிக்கிட்டு சாப்பிடுறேன். என் சொந்தத் தங்கச்சி வீட்டுலகூட அப்படி சாப்பிட மாட்டேன்."

அதைக் கேட்டதும் அண்ணியின் முகம் செத்துப்போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறந்து, நான் சொல்லிக் கொடுத்த பொய்யைச் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க பாய். கோழியும் ஆடும் கெட்டுப்போச்சு. வெக்கை... வடையும் பாயாசமும்தான் இருக்கு."

"கெட்டுப்போச்சா?" அக்கா சிரித்தார். "என்னடி சொல்ற? பத்து மணிக்கு நான் சாப்பிட்டேனே, அருமையா இருந்துச்சே! ரெண்டு மணி நேரத்துலயா கெடும்? இரு, நான் வந்து பாக்குறேன்."

கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். ஷாஹுல் ஹமீது அண்ணியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி வந்து நின்றுவிட்டது.

சமையலறையில் அக்கா மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகலையே. என்ன தாமர, ஏன் என் மொகத்தப் பாக்க மாட்டேங்கிற?"

சொல்ல வேண்டாம் என்று நான் அண்ணிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குரலைத் தாழ்த்தி, நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். யார் கொடுத்தது, எத்தனை கோழி, எதில் எல்லாம் கலந்தது, காலையில் அனுப்பியதும் அதுதான்.

அக்கா குழாயைத் திறந்து, கையில் தண்ணீர் பிடித்து வாய் கொப்பளித்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியும் மூன்று தடவை கொப்பளித்துத் துப்பினார். அண்ணி சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏன்டி சொன்ன?" என்றார் அக்கா, மெதுவாக.

"சொல்லாம இருக்க முடியலக்கா."

"ஒனக்கு முடியல. அதனால என் தலையில எறக்கி வெச்சிட்ட." முக்காட்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வெளிய ஒக்காந்திருக்காரே, அவருகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அண்ணி அழ ஆரம்பித்தாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. வடைத் தட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார்.

"இது எந்த எண்ணெயில பொரிச்சது?"

அவர் எப்போதும் பேசுகிற குரலில்தான் கேட்டார். அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. "புது எண்ணெய்க்கா, வேற குவாலிச் சட்டி, கோழிக்கு முன்னாடியே பொரிச்சிட்டோம்" என்று நான்தான் சொன்னேன்.

அக்கா தட்டோடு முன்னறைக்குப் போனார்.

"என்ன மதினி?" என்றார் ஷாஹுல் ஹமீது.

"கெட்டுத்தான் போச்சு ஹமீது. மேல தெரியல, அடியில வாடை அடிக்குது. நீங்க வடைய சாப்பிடுங்க."

ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர், சொந்தக் கொழுந்தனாரிடம், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் எங்களுக்காகப் பொய் சொன்னார். ஷாஹுல் ஹமீது அதை நம்பினார். அவர் கண்ணில் இருந்த கேள்வி போய்விட்டது. வடை நாலு சாப்பிட்டார், பாயாசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார், அன்னாசிப் பச்சடியைப் புகழ்ந்தார். கெட்டது என்று தெரிந்ததும் மறைத்துப் பரிமாறாமல் ஒதுக்கி வைத்தார்களே, அந்த நேர்மைதான் தனக்குப் பிடித்தது என்று வேறு சொன்னார். அண்ணி தலை நிமிரவில்லை. நீங்களும் சாப்பிடுங்கள் மதினி என்று அவர் தட்டை நகர்த்தியபோது, "எனக்கு வேணாம். காலையிலேயே சாப்பிட்டேன்ல, வயிறு நெறஞ்சிருக்கு" என்றார் அக்கா.

போகும்போது ஷாஹுல் ஹமீது வாசலில் நின்று, "சரி மதினி, நீங்க இங்கயே இருங்க. நான் மாசத்துக்கு ரெண்டுவாட்டி வந்து பாத்துக்கிறேன்" என்றார். எதற்காக அண்ணி இத்தனை நாள் தவித்தாளோ அது கிடைத்துவிட்டது. அண்ணன் பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனை அங்கேயே வைத்து நாலு அறை அறையலாம் போல இருந்தது. பிற்பகலில் வரும் மலாய்க்கார வீட்டு ஆட்களுக்காக அண்ணி எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவி, ஃப்ரீசரில் இருந்த மீனை எடுத்துத் திரும்ப அடுப்பு மூட்டினாள். மிச்சக் கோழியைத் தானும் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. அக்காவை மருத்துவமனைக்கு அண்ணிதான் கூட்டிக்கொண்டு போனாள். பெருநாளுக்கு அக்கா வீட்டில் ரெண்டாங் கறி சாப்பிட்டோம். அந்த நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. ரெங்கசாமியின் பெயரை எடுத்தால்கூட அண்ணன் பேச்சை மாற்றிவிடுவான். அண்ணி மெல்ல மெல்லத் தேறினாள். "மறந்துட்டாங்க போல ரமணி" என்று ஃபோனில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன வருஷத் தீபாவளிக்கு முந்திய நாள். நான் வந்து சேர்ந்து, முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு பாசாருக்குக் கிளம்பினான். "கூட நானும் வரேன், உன்னத் தனியா விடுறதா இல்ல" என்று அண்ணி செருப்பைப் போட்டாள். படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

மும்தாஜ் அக்கா மேலே வந்துகொண்டிருந்தார். முட்டி முழுசாகக் குணமாகவில்லை, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தார். கையில் கனமான பிளாஸ்டிக் பை. வாசலில் நின்று அதை அண்ணியிடம் நீட்டினார்.

"ஆறு கோழி இருக்கு. நானே போயி நின்னு வாங்கிட்டு வந்தேன். இனிமே வருசா வருசம் தீபாவளிக்குக் கோழி நான் குடுக்கிறேன் தாமர."

"எதுக்குக்கா உங்களுக்குச் செரமம், இந்தக் காலோட..."

"செரமம் இல்ல. எனக்கு ஆசை." சிரித்தார். உண்மையான சிரிப்புத்தான். அண்ணியின் கன்னத்தைத் தட்டினார். "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வந்துருவேன். ஹமீது பொண்டாட்டியையும் கூட்டிட்டு வராரு."

"நல்லதாப் போச்சு லா, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றான் என் அண்ணன், பையை மடித்து வைத்துவிட்டு.

அக்கா இறங்கிப் போகும்வரை அண்ணி வாசலில் நின்றாள். பிறகு பையைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்க்காமல் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவங்க நல்ல மனசோடதான் குடுத்தாங்க அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கோவிச்சுக்கிட்டு வராமலே இருந்திருந்தா ஒரு நாளு அழுதுட்டு விட்டிருப்பேன் ரமணி. இப்படி வந்துட்டாங்களே. இனிமே ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் இத கை நீட்டி வாங்கணும்."